ஒன்றரை ஷிப்ட் ஊரில் ஓர் இடதுசாரி இதழ்: 2023-ஆம் ஆண்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் 2023 ஜனவரியில் ஒரு சிறு குழு நான்கு பக்க அரசியல் மாத இதழ் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் விளைவுகளும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. குழுவில் இரண்டு இடதுசாரிக் கட்சிகளைச் சேர்ந்தவர்களும் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களும் இருந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மோட்டார் தையல் இயந்திரத்தில் தைக்கும் பவர் டேபிள் டெய்லர்கள் இருவர், தைத்த ஆடைகளைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் என்று வெவ்வேறு பின்னணியினர். எவருடைய பெயரையும் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே தரவில்லை; இன்னும் அதே கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. மெய்ப்புத் திருத்தும் பொறுப்பில் இருந்ததால் பெரும்பாலான கூட்டங்களை நேரில் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இடத்தின் தன்மையைச் சொல்லாமல் இந்த ஆண்டை விளக்க முடியாது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நகரம். வாரக் கூலி நகரமும்கூட. சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வரும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர்கள் இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் பொது வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளர்களின் ஊர் இது. அதே ஊரில் இன்று காண்ட்ராக்ட், தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட், வெளிமாநிலத் தொழிலாளர், தங்கும் விடுதி என்று வேலையின் அமைப்பே மாறிவிட்டதால், சங்கத்தின் பெயரைக் கேள்விப்பட்டே இராத தொழிலாளர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். நாடாளுமன்றத் தொகுதி 2019 முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் இருக்கிறது. 2023-இல் மாநிலத்தில் ஆண்டது அக்கட்சியின் தோழமைக் கட்சியான திமுக. தோழமைக் கட்சி ஆளும்போது ஓர் இடதுசாரி இதழ் என்ன எழுத வேண்டும், யாருக்காக எழுத வேண்டும் என்பதுதான் ஆண்டு முழுவதும் இந்தக் குழுவின் முன் நின்ற கேள்வி.

ஜனவரி, பிப்ரவரி: தொடக்க இதழ்களில் கவனித்தவை

முதல் இதழின் முகப்புக் கட்டுரை வேங்கைவயல் பற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் பட்டியல் சாதியினர் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்து, விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டாவது இதழ், அதானி குழுமத்தின்மீது பங்குச் சந்தை முறைகேட்டுக் குற்றச்சாட்டு வைத்து அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஹிண்டன்பர்க் ஜனவரி 24 அன்று வெளியிட்ட அறிக்கையை முன்வைத்து, அக்குழுமத்தையும் நிதி மூலதனத்தையும் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றைத் தாங்கி வந்தது. இரண்டும் பொறுப்போடு எழுதப்பட்டவை என்றே இப்போதும் கருதுகிறேன். ஆனால் இரண்டையும் வாசகர்கள் எதிர்கொண்ட விதம் முற்றிலும் வேறாக இருந்தது. வேங்கைவயல் கட்டுரையைப் படித்தவர்கள், அருந்ததியர் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் வரும் நேரம் பற்றியும், தங்கள் சொந்த ஊர்த் தேநீர்க் கடைகளைப் பற்றியும் பேச வந்தார்கள். அதானி கட்டுரையைப் பற்றி, குழுவுக்கு ஏற்கெனவே அறிமுகமான தோழர்களைத் தவிர, எவரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

விநியோகத்தைப் பற்றியும் ஒன்று தெரியவந்தது. தொடக்கத்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில், கம்பெனிக்கு விரைந்துகொண்டிருந்தவர்களின் கையில் இதழ் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார்கள். படித்தார்களா என்று அறிய வழியில்லை. செக்கிங் பிரிவுத் தோழர் சொன்னபடி, மார்ச்சிலிருந்து சனிக்கிழமை மாலையில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வாடகை வீடுகளான லைன் வீடுகள் இருக்கும் தெருக்களிலேயே கொடுப்பது என்று மாற்றப்பட்டது. சம்பளம் வாங்கிய அன்று மாலையில் கணக்குப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் ஒன்று. அந்த நேரத்தில் கூலியைப் பற்றிப் பேச எவரும் தயங்குவதில்லை. இது விநியோக நேரத்தைப் பற்றிய முடிவாகத்தான் எடுக்கப்பட்டது. பிறகு இதழின் உள்ளடக்கத்தையே அது மாற்றியது.

மார்ச்: வதந்தியும் இந்திப் பக்கமும்

மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகள் இங்கே நடந்தவையாகக் காட்டப்பட்டன. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. மார்ச் 8 ஹோலி என்பதால் வழக்கம்போல ஊருக்குப் போகக் கூடியிருந்த ரயில் நிலையக் கூட்டத்தைக்கூடத் தப்பியோடும் கூட்டம் என்று நம்பியவர்கள் உண்டு. விடுதிகளில் உண்மையான அச்சம் இருந்தது. சில பிரிவுகளில் ஆள் இல்லாமல் இயந்திரங்கள் நின்றன.

குழு இரண்டு வழிகளை ஆராய்ந்தது. வதந்தியை மறுத்துத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுவது முதல் வழி. இரண்டாவது, இதழோடு இந்தியில் ஒரு தனித் தாளும் சேர்ப்பது. இரண்டாவது வழிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் உயிர்கள் போன மண்ணில், ஓர் இடதுசாரி இதழ் தானாக முன்வந்து இந்தியில் அச்சிடுவதா என்று மூத்த தோழர் கேட்டார். அது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல. திணிப்பு என்பது அரசு தன் அதிகாரத்தால் மக்கள்மீது ஏற்றுவது. பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவது அதற்கு நேர் எதிரானது என்று டெய்லர் தோழர் பதில் சொன்னார். நீண்ட விவாதத்துக்குப் பின் தாள் அச்சாயிற்று. பல ஆண்டுகளாகத் திருப்பூரிலேயே வேலை செய்துவரும் பீகார் தொழிலாளி ஒருவர் அதை எழுதினார். வதந்தி மறுப்பு பாதியிடத்தோடு முடிந்துவிட, மீதிப் பாதியில், வெளிமாநிலத் தொழிலாளருக்குக் குறைந்த கூலி கொடுத்து உள்ளூர்த் தொழிலாளரின் கூலியையும் அழுத்தி வைப்பது எப்படி நடக்கிறது என்று அவரே விளக்கியிருந்தார்.

அந்தத் தாள் விடுதிகளுக்குள் கைமாறிச் சென்றது. ஆனால் விடுதிகளில் ஒடியா, வங்காளம் பேசுபவர்களும் நிறைய இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அது எட்டவில்லை. இரண்டு விடுதிகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள் என்பதை அறிந்தபின், அடுத்த தாள்கள் உரக்கப் படிப்பதற்கேற்ற சிறு வாக்கியங்களில் எழுதப்பட்டன.

ஏப்ரல்: பன்னிரண்டு மணி நேர மசோதா

ஆண்டின் மிகக் கடினமான முடிவு ஏப்ரல் இறுதியில் வந்தது. ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, அரசாணை ஒன்றின் வழியாக எந்தத் தொழிற்சாலைக்கும் வேலை நேர விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அது தந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுப்பு என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். ஆனால் விலக்கு அளிக்கக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் வார வேலை நேரத்தை வரையறுக்கும் 51-ஆம் பிரிவும், வார விடுமுறையைச் சொல்லும் 52-ஆம் பிரிவும், மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று சொல்லும் 59-ஆம் பிரிவும் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் மசோதாவின் வாசகத்தைக் கூட்டத்தில் வரிவரியாகப் படித்துக் காட்டியபோது, அமைச்சர்களின் விளக்கத்துக்கும் எழுத்தில் இருந்ததற்கும் உள்ள இடைவெளி எல்லோருக்கும் புலப்பட்டது.

மே இதழ் ஏப்ரல் 29, சனிக்கிழமை வெளியாக வேண்டும். முகப்பில் முதலில் திட்டமிடப்பட்டிருந்தது கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மே நாளின் நூற்றாண்டு. அதை உள்ளே தள்ளிவிட்டு மசோதாவை முகப்பில் வைப்பதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. மாநில ஆட்சியை முகப்பில் தாக்கினால் அது பாரதிய ஜனதாவுக்குத்தான் பயன்படும், ஒன்றிய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கியதை எதிர்க்கும் அணி அதனால் பலவீனமடையும் என்று ஒரு தரப்பு சொன்னது. அந்தத் தொகுப்புச் சட்டங்களின் திசையில்தான் இந்த மசோதாவும் போகிறது, கர்நாடகத்தில் பாஜக அரசு பிப்ரவரியில் செய்ததை இங்கே நம் தோழமைக் கட்சி செய்யும்போது பேசாமலிருந்தால் நாளை ஒன்றிய அரசை எதிர்க்கும்போது எவரும் நம்மை நம்பமாட்டார்கள் என்று மற்றத் தரப்பு வாதிட்டது.

ஏப்ரல் 24 அன்று, தொழிற்சங்கங்களுடனான பேச்சுக்குப் பின், மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. கட்டுரையை எடுத்துவிடலாம் என்ற குரல் அப்போது வலுத்தது. நிறுத்திவைப்பு என்பது திரும்பப் பெறுதல் அல்ல என்பதைச் சுட்டிக்காட்டிய தரப்பே இறுதியில் வென்றது. அந்தக் கூட்டத்தில் குழு ஒரு விதியையும் வகுத்துக்கொண்டது: கூலி, வேலை நேரம், நிலம், சாதி வன்கொடுமை ஆகிய நான்கிலும் ஆள்வது யார் என்று பார்க்காமல் எழுதுவது, அதே பக்கத்தில் ஒன்றிய அரசின் சட்டத்தோடு உள்ள தொடர்பையும் தவறாமல் எழுதுவது. என் பார்வையில் அந்த ஆண்டின் மிக நல்ல முடிவு இதுதான். ஒவ்வொரு செய்திக்கும் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த விவாதங்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன.

இதழ் வெளியாகி இரண்டு நாளில், மே நாளன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்களின் போராட்ட அறிவிப்பும் தோழமைக் கட்சிகளின் எதிர்ப்பும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. ஒரு நான்கு பக்க இதழுக்கு அதில் உரிமை கோர எதுவும் இல்லை.

மே, ஜூன்: வாசகர்கள் கேட்ட கேள்வி

குழு எதிர்பார்க்காத ஒன்று மே மாதச் சந்திப்புகளில் நடந்தது. எட்டு மணி நேர வேலை என்ற நூற்றாண்டுக் கோரிக்கையை விளக்கிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஓவர்லாக் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டார்: "எட்டு மணி நேரத்தோட வீட்டுக்கு வந்துட்டா வாடகை யாருங்க கட்டறது? ஒன்றரை ஷிப்ட் போனாத்தானுங்க ரெண்டு பிள்ளைகளும் ஸ்கூல் போகும்." தெருவிலிருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியதும் நின்றதும் அவர்களுடைய வேலை நாளைத் தொடவே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் அங்கே பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது.

வாசகர்களுக்கு வர்க்க உணர்வு போதவில்லை, இன்னும் விளக்க வேண்டும் என்று குழுவில் ஓர் இளைஞர் சொன்னார். செக்கிங் தோழர் அதை ஏற்கவில்லை. கேட்டவர் கூலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார், நாம் நேரத்தைப் பற்றி மட்டும் பதில் வைத்திருக்கிறோம் என்றார். ஜூன் இதழின் முகப்பு அந்த ஒரு வாக்கியத்திலிருந்து உருவானது.

அதில் ஒரு கணக்கு மட்டுமே இருந்தது. ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் போகிறவருக்கு இப்போது கிடைப்பது ஒன்பது ஷிப்ட் கூலி, அதாவது 4,500 ரூபாய். வேலை செய்தது 72 மணி நேரம். அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி வாரத்தில் 48 மணிக்கு மேற்பட்ட 24 மணி நேரத்துக்கும் இரட்டைக் கூலி தரவேண்டும். அப்படியானால் சேரவேண்டியது பன்னிரண்டு ஷிப்ட் கூலி, 6,000 ரூபாய். ஒவ்வொரு வாரமும் 1,500 ரூபாய் குறைகிறது. பீஸ் ரேட்டுக்கு இது பொருந்தாது என்று காண்ட்ராக்டர்கள் சொல்வதுண்டு; ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் முந்தைய மாதச் சராசரி வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி மிகைநேரக் கூலிக்கு விலக்கு அளித்த குஜராத் அரசின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் ரத்து செய்ததும் சேர்க்கப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட மசோதாவில் 59-ஆம் பிரிவு ஏன் இடம்பெற்றிருந்தது என்பது இப்போது எந்த விளக்கமும் இல்லாமல் வாசகர்களுக்குப் புரிந்தது.

இந்தக் கணக்கைத் தெருவில் பலர் தங்கள் சொந்தக் கூலியை வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் இருந்த இளம்பெண் ஒருவர் தன் அம்மாவின் கூலிக்கும் சேர்த்துப் போட்டு, எங்கள் விநியோகத் தோழரிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து கடைசிப் பக்கத்தில் "சம்பளக் கணக்கு" என்ற பகுதி தொடங்கியது; வருங்கால வைப்புநிதிப் பிடித்தம், இஎஸ்ஐ அட்டை, போனஸ் என்று மாதம் ஒன்றாக எழுதப்பட்டது. அதைச் செக்கிங் தோழரே எழுதினார்.

ஜூலை முதல் நவம்பர் வரை

ஏப்ரலில் வகுத்துக்கொண்ட விதி அடிக்கடி சோதிக்கப்பட்டது. ஜூலை இறுதியில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்காக, கதிர் முற்றும் முன்னரே நெல் வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. ஒன்றிய அரசின் நிறுவனம், மாநில அரசின் காவல்துறை என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதுவதில் இந்த முறை விவாதமே எழவில்லை. நவம்பரில் செய்யாறு பகுதியில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகளில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டபோதும் அப்படியே. செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை இதழ் மனப்பூர்வமாக வரவேற்றது. மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு லைன் வீட்டில் எதற்குப் பயன்படுகிறது என்பதை வாங்கியவர்களே சொல்லி வெளியிட்டது.

செப்டம்பர் 29-இல் வாச்சாத்தி வழக்கில் அரசு ஊழியர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1992-இல் அந்த மலைக்கிராமத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டதற்கு எதிராக இடதுசாரி இயக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் நடத்திய வழக்கு அது. அந்த இதழைப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். தங்கள் இயக்கம் எதையும் சாதித்ததில்லை என்ற பேச்சுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த இளம் தோழர்களுக்கும் அது பெரிய ஊக்கம் தந்தது. நவம்பர் 15-இல் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் என். சங்கரய்யா மறைந்தபோது இரங்கல் கட்டுரையை இரு கட்சித் தோழர்களும் சேர்ந்தே எழுதினார்கள்.

பணம் பற்றிய கேள்வியும் இந்த மாதங்களில் வந்தது. 2019 தேர்தலின்போது இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் காட்டியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, நீங்கள் எப்படி எதிர்த்து எழுதுவீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டார். நியாயமான கேள்வி. அச்சுக்கூலி, காகிதம், நன்கொடை என்று இதழின் வரவு செலவு முழுவதையும் மாதந்தோறும் இதழிலேயே வெளியிடுவது என்று குழு முடிவு செய்தது. ஓராண்டு அச்சுச் செலவை மொத்தமாக ஏற்க முன்வந்த ஆதரவாளர் ஒருவருக்கு நன்றி சொல்லி, மற்றவர்களைப் போலச் சிறு தொகை மட்டுமே பெற்றுக்கொள்ளப்பட்டது.

விளைவுகள்

சம்பளக் கணக்கின் விளைவுகள் எல்லாமே மகிழ்ச்சி தருபவையாக இல்லை. ஆகஸ்டில் ஒரு பிரிவின் பெண்கள் சேர்ந்து சூப்பர்வைசரிடம் இரட்டைக் கூலி கேட்டார்கள். மறுவாரம், ஆர்டர் இல்லை என்று அவர்களுக்கு ஒரு ஷிப்ட் வேலை மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு வெளிநாட்டு ஆர்டர்கள் உண்மையிலேயே குறைந்திருந்தன. ஆகவே அது தண்டனையா, சந்தை நிலவரமா என்று எவராலும் உறுதியாக நிறுவ முடியவில்லை. சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். எஞ்சியவர்கள் சங்கத்தில் சேர்ந்து, தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார்கள். ஆண்டு முடியும்வரை அது விசாரணையிலேயே இருந்தது. வேறொரு சிறு யூனிட்டில், கேட்டவர்களுக்கு முழு இரட்டைக் கூலி கிடைக்காவிட்டாலும், கூடுதல் அரை ஷிப்டுக்குக் கூலி உயர்த்தப்பட்டது.

இதன் பின் குழு ஒரு முடிவெடுத்தது. தனி ஒருவரைக் கண்டுகொள்ள உதவும் எந்தக் கூலி விவரமும் அச்சேறாது; கூலிக் கோரிக்கை எழும் இடங்களில் இதழ் வெளிவருவதற்கு முன்பே சங்கத்துக்குத் தகவல் தரப்படும். எழுதுவதோடு இதழின் வேலை முடிந்துவிடுகிறது, ஆனால் படித்தவர் மறுநாள் காலை சூப்பர்வைசர் முன் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் குழு இங்கே மிகக் கூர்மையாக உணர்ந்தது. அரசியல் எழுத்தில் ஈடுபடும் எவரும் முதல் இதழுக்கு முன்பே யோசித்திருக்க வேண்டிய செய்தி இது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த ஆண்டில் மாற இருப்பவை

2023 டிசம்பர் இறுதியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், தனிச்சுற்று இதழாக இருந்ததை முறையாகப் பதிவு செய்வது என்று தீர்மானிக்கப்பட்டது. பருவ இதழ்ப் பதிவுக்கான புதிய மசோதா நாடாளுமன்றத்தில் அந்த வாரங்களில்தான் நிறைவேறியிருந்தது. அதன் விதிகளைப் படித்துப் பொறுப்பேற்க இருவர் அமர்த்தப்பட்டார்கள். கோட்பாட்டுக் கட்டுரைகள் கைவிடப்படவில்லை. அதானி கட்டுரை போன்றவை இனி மாத இதழில் வராமல், ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் விவாதிக்கப்பட்ட பிறகு தனிச் சிறுவெளியீடாக வரும். இந்தித் தாளோடு ஒடியாவிலும் ஒன்று தொடங்க, எழுதக்கூடியவரைத் தேடும் வேலை ஒரு விடுதியில் ஒப்படைக்கப்பட்டது.

ஆசிரியர் குழுவில் பாதிப்பேராவது பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களாக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தில்தான் கூட்டம் அதிக நேரம் நின்றது. ஒன்றரை ஷிப்ட் போகிறவர் கூட்டத்துக்கு எப்போது வருவார் என்ற நடைமுறைக் கேள்வியை மூத்த தோழர் எழுப்பினார். கூட்டத்தை அவர்கள் தெருவுக்கு மாற்றுவது, ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது, குழந்தைகளை அந்த நேரத்தில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஆண் தோழர்கள் முறைவைத்து ஏற்பது என்று முடிவாயிற்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கான முறைப்பட்டியல் அங்கேயே எழுதப்பட்டு, முதல் ஞாயிறுக்கு மூத்த தோழரே தன் பெயரைக் கொடுத்தார்.